திருஷ்டி கழிஞ்சதுன்னு சொல்லாதீங்க

முன் கண்ணாடியில விரிசல் விழுந்த காரை எங்க ஊர்ப் பக்கம் ஓட்டிக்கிட்டு வராதீங்க. நான் சொல்ல வந்தது இம்புட்டுத்தான். சென்னையில இருந்தோ கோயம்புத்தூர்ல இருந்தோ ராமேஸ்வரத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடியைச் சரி பண்ணிட்டு வாங்க. நேரமில்லைன்னா பஸ்ல வாங்க, ரயில்ல வாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து புதுப் பாம்பன் பாலத்து வழியா ரயில் மறுபடியும் ஓடுது. ராமநாதசுவாமி ஒரு வாரம் தள்ளி வந்தாலும் கோவிச்சுக்க மாட்டார்.

பேச்சு காட்டமா இருக்கேன்னு நினைப்பீங்க. என் காரு, என் கண்ணாடி, என் காசு, இதுல ஊர்க்காட்டு விவசாயிக்கு என்ன வந்துச்சுன்னும் கேப்பீங்க. எனக்கு வந்ததைச் சொல்றேன். எங்க ஊரு பரமக்குடிக்கும் சத்திரக்குடிக்கும் நடுவுல, ரோட்டை ஒட்டி இருக்கு. வீடு ரோட்டுக்கு ஒரு பக்கம், மிளகாய்க் காடு இன்னொரு பக்கம். கண்மாய்க்குப் போகணும்னா ரோட்டைத் தாண்டணும், ஆட்டை மேய்ச்சலுக்குப் பத்தணும்னா ரோட்டைத் தாண்டணும், பிள்ளைக பள்ளிக்கூடத்துக்குப் போகவும் ரோட்டைத் தாண்டணும். நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை ராமேஸ்வரம் போற பாதையை நாங்க ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கால் நடையாத் தாண்டுறோம். உங்க முன் கண்ணாடி வழியா நீங்க பார்க்கிறது எங்களைத்தான். அது தெளிவா இருந்தா நாங்க உங்களுக்குத் தெரிவோம். அது கீறிக் கிடந்தா நாங்க தெரிய மாட்டோம். அதனாலதான் கேக்குறேன்.

தை அமாவாசை, ஆடி அமாவாசை, பள்ளி விடுமுறைன்னா எங்க ஊர் டீக்கடை வாசல்ல வண்டிக வரிசையா நிக்கும். நான் அங்க உக்காந்து கண்ணாடிகளைப் பார்ப்பேன். ஒண்ணுல மிளகு அளவுக்குத் தெறிப்பு. ஒண்ணுல சிலந்தி வலை மாதிரி. ஒண்ணுல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஆத்துக் கிளை மாதிரி ஓடுது. அதும்மேல சாமி ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருப்பாக. கேட்டா ஒரே பதில்தான். "அது கல்லு அடிச்சதுண்ணே. திருஷ்டி கழிஞ்சுச்சு. கண்ணாடியோட போச்சுன்னு விட்டுட்டோம்."

இந்தப் பேச்சைத்தான் முதல்ல ஒழிக்கணும்னு நினைக்கிறேன். திருஷ்டி கழிக்கிறதை நான் கேலி பண்ணல. எங்க வீட்டுலயும் பூசணிக்காய் உடைக்கிறோம், எலுமிச்சம்பழம் நறுக்குறோம். ஆனா உடைச்ச பூசணிக்காயை யாராவது நடு வீட்டுல வச்சுக் குடும்பம் நடத்துறாகளா? ஓரமா அள்ளிப் போடுறோம். அப்புறம் கால் வழுக்கி யாரும் விழுந்துடக் கூடாதேன்னு தண்ணி ஊத்திக் கழுவுறோம். கழிஞ்சது கழிஞ்சதுன்னா அதை அப்புறப்படுத்தணும். கண்ணுக்கு நேரா வச்சுக்கிட்டு ஆறு மாசம் ஓட்டுனா அது கழிஞ்ச திருஷ்டி இல்ல, கூடவே கூட்டிக்கிட்டுத் திரியுற திருஷ்டி. அது உங்க மேல படுறதுக்கு முன்னாடி எங்க மேல படும்.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கண்ணுல பூ விழுந்த மாட்டை வண்டியில பூட்ட மாட்டாக. உழவுக்குக்கூட யோசிப்பாக. நல்லாத் தின்னும், நல்லா இழுக்கும், ஆனா ரோட்டுல எதிர்க்க என்ன வருதுன்னு தெரியாம மிரண்டு ஒதுங்கும். மணிக்கு நாலு மைல் போற மாட்டு வண்டிக்கே எங்க தாத்தன் பாட்டன் அந்த யோசனை பண்ணுனான். நூறு கிலோமீட்டர் வேகத்துல போற வண்டிக்கு அந்த யோசனை வேண்டாமா?

இந்தக் கண்ணாடி சாதாரண ஜன்னல் கண்ணாடி இல்லைங்கிறது உங்களுக்கே தெரியும். ரெண்டு கண்ணாடித் தகடு, நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம், மூணையும் ஒண்ணா ஒட்டிச் செய்றாங்க. எடுவார் பெனடிக்டஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1903-ல ஆய்வுக்கூடத்துல ஒரு கண்ணாடிக் குடுவையைக் கீழ போட்டாராம். குடுவை விரிஞ்சுச்சு, ஆனா சிதறல. உள்ள காய்ஞ்சு ஒட்டியிருந்த ஒரு ரசாயனப் படலம் சில்லுகளைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. அதுல இருந்து பிறந்ததுதான் இந்த ஒட்டுக் கண்ணாடி. 1909-ல அதுக்குக் காப்புரிமையும் வாங்குனார். பக்கவாட்டுக் கண்ணாடி வேற மாதிரி. அது உடைஞ்சா கற்கண்டு மாதிரி பொலபொலன்னு கொட்டிடும். முன் கண்ணாடி கொட்டாது, அப்படியே நிக்கும்.

வினையே அங்கதான் இருக்கு. கொட்டியிருந்தா நீங்க அப்பவே நிறுத்தியிருப்பீங்க. கொட்டாததால "நிக்குதே, ஓடும்"னு நினைக்கிறீங்க. அந்தக் கண்ணாடி அப்படி நிக்கிறது விபத்து நேரத்துல உங்க முகத்துல சில்லு குத்தாம இருக்கத்தான். விரிசலோட ஆறு மாசம் ஓட்டுறதுக்கு அனுமதி குடுக்க இல்ல.

இன்னொண்ணு. அந்தக் கண்ணாடி காத்துத் தடுப்பு மட்டும் இல்ல, வண்டியோட உடம்புல ஒரு பாகம். வண்டி குப்புறக் கவுந்தா மேல்கூரை நசுங்காம தாங்குறதுல அதுக்குப் பங்கு இருக்கு. பல கார்கள்ல முன்சீட்டுப் பயணிக்கான ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியில முட்டுக் குடுத்துத்தான் உங்க ஆளைத் தாங்குது. முட்டுச் சுவரே விரிசல் விட்டிருந்தா பந்தல் எப்படி நிக்கும்? பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கிற உங்க வீட்டம்மாவை நினைச்சாவது பாருங்க.

இனி எங்க ஊர் ரோட்டைப் பத்திச் சொல்லணும். விரிசல் கண்ணாடிக்கு இதைவிட மோசமான ரோடு தேடினாலும் கிடைக்காது.

முதல்ல சூரியன். மதுரையில இருந்து ராமேஸ்வரம் போற தேசிய நெடுஞ்சாலை 87 கிழக்கையும் தென்கிழக்கையும் பார்த்து வருது. ராத்திரி கிளம்புற ஆளுக விடியக்காலம் எங்க ஊரைத் தாண்டுவாக. அப்ப சூரியன் நேரா முகத்துல. தீர்த்தம் ஆடி, சாமி கும்பிட்டு, தனுஷ்கோடி பார்த்துட்டு சாயங்காலம் திரும்புவாக. அப்ப ரோடு மேற்கே பார்த்துப் போகுது. மறுபடியும் சூரியன் நேரா முகத்துல. வரும்போதும் போகும்போதும் கண்ணுக்கு நேரா வெயில் அடிக்கிற ரோடு இது. நல்ல கண்ணாடியிலயே கண் கூசும். விரிசல் இருந்தா அந்த ஒளி அதுல பட்டு நாலாப் பக்கமும் சிதறும். விரிசல் ஒரு கோடாத் தெரியாது, வெள்ளையா ஒரு திரையாத் தெரியும். அந்தத் திரைக்குப் பின்னாடி சைக்கிள்ல ஒரு பிள்ளை போகும்.

ராத்திரிக்கு வேற கதை. மதுரையில இருந்து பரமக்குடி வரைக்கும் நாலு வழிச்சாலை, நடுவுல தடுப்பு இருக்கு. பரமக்குடியைத் தாண்டுனா போறதும் வாறதும் ஒரே ரோடு. ராமநாதபுரம் வரைக்கும் அதையும் நாலு வழியாக்க மத்திய அரசு 2025 ஜூலையில அனுமதி குடுத்திருக்கு. வேலை முடியிற வரைக்கும் எதிர்ல வர்ற லாரியோட வெளிச்சம் உங்க கண்ணுக்கு நேராத்தான் வரும். விரிசல்ல அது பட்டா ஒரு விளக்கு ஒன்பது விளக்காத் தெரியும். எது லாரி, எது விளக்கே இல்லாம ஓரமாப் போற டி.வி.எஸ். எக்ஸெல்னு அந்த நேரத்துல எப்படிப் பிரிச்சுப் பார்ப்பீங்க?

மூணாவது வெக்கை. ராமநாதபுரம் வெயில் உங்களுக்கே தெரியும். வண்டியை மூணு மணி நேரம் பொட்டல்ல நிறுத்திடுறீங்க. கண்ணாடி கொதிக்குது. உள்ள ஏறுன உடனே ஏ.சி.யை முழுசாத் திருப்பி, காத்தைக் கண்ணாடிப் பக்கமே விடுறீங்க. வெளிப்பக்கம் கொதிப்பு, உள்பக்கம் குளிர்ச்சி. நல்ல கண்ணாடி தாங்கும். தெறிப்பு விழுந்த கண்ணாடி தாங்காது. காலையில உளுந்து அளவு இருந்தது மத்தியானம் ஒரு சாண் ஆகிடும். பிறகு ஒரு வேகத்தடை, ஒரு பள்ளம், கதவை ஓங்கி ஒரு சாத்து. ஒரு முழம்.

நாலாவது மணலும் உப்பும். 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச தனுஷ்கோடிக்கு இப்ப அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு இருக்கு. 2017-ல திறந்தாக. ரெண்டு பக்கமும் கடல். ஆடி மாசக் காத்துல மணல் ரோட்டுக்குக் குறுக்கே ஓடை மாதிரி ஓடும். அந்த மணல் கண்ணாடியில அடிச்சுக்கிட்டே இருக்கும். கடல் சாரல் உப்புப் படலமா ஒட்டும். பாம்பன் பாலத்துல நின்னு ரயில் பார்த்துட்டு வந்தாலும் அதே உப்புதான். உடனே என்ன பண்றீங்க? தண்ணி இல்லாம வைப்பரைப் போடுறீங்க. மணலை வச்சுக் கண்ணாடியைத் தேய்ச்சா அது உப்புத்தாள்ல தேய்ச்ச மாதிரிதான். அரை வட்டம் அரை வட்டமாக் கீறல் விழும். அந்தக் கீறலும் விரிசல் செய்ற வேலையைத்தான் செய்யும். முதல்ல ஒரு பாட்டில் தண்ணியை ஊத்தி மணலை இறக்குங்க, அப்புறம் வைப்பரைத் தொடுங்க.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்னு நினைக்கிறவுகளுக்கு எங்க தெருவுல நடந்ததைச் சொல்றேன். மாசி மாசம், மிளகாய்ப் பழம் எடுக்குற நேரம். எங்க தெரு அக்கா ஒருத்தி சாயங்காலம் அஞ்சரை மணி போல காட்டுல இருந்து வந்துக்கிட்டு இருந்தா. தலையில மிளகாய்ச் சாக்கு. ரோட்டு ஓரம்தான், தார்ல கூட ஏறல. ராமேஸ்வரத்துல இருந்து திரும்புன ஒரு காரு இடிச்சுருச்சு. தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. அந்த காரை ஓட்டுன தம்பி குடிச்சிருக்கல. வேகமும் பெருசா இல்ல. போன் பேசல. ஓடிப்போகவும் இல்ல, அவரே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. நல்ல மனுசன். தலையில கையை வச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. "வெளிச்சம் அடிச்சுச்சுண்ணே, தெரியலண்ணே." நான் வண்டியைப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்கு நேரா ஒரு முழ நீளத்துக்கு விரிசல். எத்தனை நாளாச்சுன்னு கேட்டேன். அஞ்சு மாசம்னாரு.

அஞ்சு மாசம். அந்த அஞ்சு மாசத்துல அவரு சம்பளம் வாங்கியிருப்பாரு, தீபாவளிக்குத் துணி எடுத்திருப்பாரு, பொங்கலுக்கு ஊருக்குப் போயிருப்பாரு. கண்ணாடிக்கு மட்டும் நேரம் வரல. அக்காவுக்குத் தொடையில கம்பி வச்சாக. அதுக்கப்புறம் அவ மிளகாய் எடுக்கப் போகல, குனிய முடியல. விசாரிச்ச யாரும் அந்தக் கண்ணாடியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. வெயில் கண்ணைக் கூசுச்சு, அவ்வளவுதான்னு முடிஞ்சு போச்சு. வெயில் எங்க ஊர்ல தினமும் அடிக்குது. விரிசலைக் கொண்டு வந்தது நீங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. "விரிசல் கண்ணாடிக்குச் சட்டமே இல்ல, போலீஸ்காரரே பிடிக்கிறதில்ல"ன்னு ஒரு பேச்சு ஓடுது. சட்டம் இருக்கு. 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 100-வது விதி. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைஞ்சது 70 சதவீதம் ஒளியை உள்ளே விடணும், பக்கக் கண்ணாடி 50 சதவீதம் விடணும். வாங்கும்போது அப்படி இருந்தா போதாது, அப்படியே பராமரிக்கவும் வேணும்னு அந்த விதி சொல்லுது. கறுப்பு பிலிம் வழக்கு நினைவிருக்கும். அவிஷேக் கோயங்கா போட்ட அந்த வழக்குல 2012 ஏப்ரல் 27-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் இதே 100-வது விதியை வச்சுத்தான். அப்ப ரோட்டோரம் நிறுத்தி நிறுத்தி பிலிமை உரிச்சாக. கண்ணாடியைத் தெளிவில்லாம ஆக்காதேன்னு சொல்ற அந்த விதி பிலிம் ஒட்டுறவருக்கு மட்டும் எழுதுனதில்ல.

அதைவிட முக்கியம் மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவு. வண்டியில ஒரு குறைபாடு இருக்கு, அது ரோட்டுல போறவுகளுக்கு ஆபத்து, அது உங்களுக்குத் தெரியும், இல்லைன்னா சாதாரணக் கவனம் வச்சாலே தெரிஞ்சிருக்கும். அப்படிப்பட்ட வண்டியைப் பொது இடத்துல ஓட்டுனா 1,500 ரூபாய் வரைக்கும் அபராதம். அந்தக் குறைபாட்டால விபத்தாகி யாருக்காவது காயமோ பொருள் சேதமோ வந்தா மூணு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா 5,000 ரூபாய் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். ஓட்டுறவர் மட்டும் இல்ல, ஓட்டச் சொல்றவரும் ஓட்ட விடுறவரும் அந்தப் பிரிவுல வாறாக. டிரைவர் தம்பிகிட்ட "இந்த டிரிப் முடியட்டும், மாத்திக்கலாம்"னு சொல்ற முதலாளி தன்னையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கணும். விரிசல் தெரியலைன்னு யாரும் சொல்லவும் முடியாது. அது வேற எங்கயும் இல்ல, ஓட்டுறவர் கண்ணுக்கு நேராத்தான் இருக்கு.

ஆனா ஒரு ஓட்டை இருக்கு. வாடகைக்கு ஓடுற வேன், டாக்சி எல்லாம் தகுதிச் சான்றுக்குப் போகணும். எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம். விளக்கு, பிரேக், வைப்பரோட கண்ணாடியையும் பார்க்கணும். சொந்தக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்ல. பதிவு பண்ணுனா 15 வருஷம், நடுவுல உங்க கண்ணாடியை எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கப் போறதில்ல. உங்களை நம்பித்தான் அரசாங்கம் அப்படி விட்டு வச்சிருக்கு. அந்த நம்பிக்கையில நடுவுல மாட்டிக்கிட்டது நாங்க.

இங்கிலாந்துல சொந்தக் காருக்கும் வருஷச் சோதனை உண்டு. அங்க கணக்கை மில்லிமீட்டர்ல வச்சிருக்காக. ஸ்டியரிங்குக்கு நேரா 290 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. வைப்பர் துடைக்கிற இடத்துல அந்தப் பட்டைக்குள்ள 10 மில்லிமீட்டருக்கு மேல சேதம் இருந்தா வண்டி தேறாது. பட்டைக்கு வெளியே, வைப்பர் துடைக்கிற மத்த இடத்துல 40 மில்லிமீட்டருக்கு மேல இருந்தாலும் தேறாது. நம்ம சட்டத்துல அந்த அளவு இல்ல. அளவு இல்லைங்கிறதுக்காக ஆபத்து இல்லாமப் போகாது. அவுக அளவை நம்ம அளவாச் சொன்னா இப்படி வரும். ஓட்டுறவர் முகத்துக்கு நேரா ஒரு சாணும் நாலு விரலும் அகலத்துக்கு, சுண்டுவிரல் நகத்தைவிடப் பெருசா எதுவும் இருக்கக் கூடாது. மத்த இடத்துல மூணு விரல் அகலத்துக்கு மேல இருக்கக் கூடாது. ஓரத்துல ஆரம்பிச்ச விரிசல்னா அளவே பார்க்க வேண்டாம், அது கட்டாயம் ஓடும். மாத்துறதைத் தவிர வழியில்ல.

இதுக்கு நீங்க சொல்ற சாக்குகளும் எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

"செலவு." தெறிப்பு சின்னதா இருக்கும்போதே போனா கண்ணாடி மாத்த வேண்டியதே இல்ல. அதுக்குன்னு உள்ள பசையை உள்ள ஏத்தி, புற ஊதா விளக்குல காய வச்சுக் குடுக்குறாங்க. அமாவாசைக்கு ராமேஸ்வரத்துல ஒரு ராத்திரி ரூமுக்கு நீங்க குடுக்குற வாடகையைவிட அது பெரும்பாலும் கம்மியாத்தான் வரும். ஆனா தூசியும் தண்ணியும் உள்ள போறதுக்கு முன்னாடி போகணும். நாள் கடத்துனா முழுக் கண்ணாடிக்குக் காசு குடுக்கணும். களையை முளையிலயே கிள்ளுன்னு நாங்க சொல்றதுதான் இங்கயும்.

"இன்சூரன்ஸ்ல கேட்டா நோ கிளெய்ம் போனஸ் போயிடும்." போகலாம். முதல் வருஷம் 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 50 சதவீதம் வரைக்கும் ஏறுற தள்ளுபடி அது. கணக்குப் பார்க்க வேண்டியதுதான். ஆனா இதையும் சேர்த்துப் பாருங்க. முழு இன்சூரன்ஸ் இருந்தா கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்கிறதில்ல. பிளாஸ்டிக், ரப்பர்னா பாதி கழிப்பாக, கண்ணாடிக்கு ஒண்ணும் கழிக்க மாட்டாக. நீங்க கையில இருந்து போட வேண்டிய கட்டாயத் தொகை 1,500 சி.சி. வரைக்குமான காருக்கு 1,000 ரூபாய், அதுக்கு மேல 2,000 ரூபாய். மூணாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வச்சிருந்தா கண்ணாடிக்கு ஒண்ணும் கிடைக்காது, சொந்தக் காசுதான். எப்படிப் பார்த்தாலும், உங்க போனஸைக் காப்பாத்துறதுக்கு எங்க தெரு அக்காவோட தொடை எலும்பைப் பணயம் வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

"பாஸ்டேக் கிழிஞ்சு போகும்." போகும்தான். பழைய கண்ணாடியோட அதுவும் போயிடும். குடுத்த பேங்குல சொல்லி மாத்து ஸ்டிக்கர் வாங்கிக்கலாம். இதுக்காக ஒரு மாசம் தள்ளிப் போட்டேன்னு ஒருத்தர் எங்கிட்டயே சொன்னாரு.

"கல்லு லாரிக்காரன் தப்பு." நியாயம். ஜல்லியும் கிராவலும் ஏத்திக்கிட்டு, தார்ப்பாய் போடாம, கொட்டிக்கிட்டே போற டிப்பர் லாரிகளை முதல்ல பிடிக்கணும். நாங்களும் அந்தக் கல்லை முகத்துல வாங்குறவுகதான், எங்களுக்குக் கண்ணாடி கூட இல்ல. ஆனா கல்லு விழுந்தது அவன் தப்பு. விழுந்ததுக்கு அப்புறம் ஓட்டுறது உங்க தப்பு. ரெண்டும் தனித்தனிக் கணக்கு.

"நீங்க மட்டும் ரோட்டுல நெல்லையும் மிளகாயையும் காயப் போடுறீங்களே." போடுறாக. அதுவும் தப்புத்தான், ஊர்க் கூட்டத்துலயே நான் சொல்லிச் சண்டை வாங்கியிருக்கேன். முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு குடுத்தாக, ஊருக்கு ஊரு உலர்களம் குடுத்தா அதைவிடச் சந்தோஷப்படுவோம். எங்க தப்பைச் சொல்லி உங்க தப்பைக் கழிச்சுக்க முடியாது. ரோட்டுல நெல்லு கிடந்தா அதைப் பார்த்து நிறுத்தவாவது உங்களுக்குக் கண்ணாடி தெளிவா இருக்கணும்ல?

எங்க ஊர் வண்டிகளையும் நான் விடல. ஷேர் ஆட்டோ, மீன் வண்டி, பள்ளிக்கூட வேன்னு டேப் ஒட்டி ஓட்டுறவுக இங்கயும் இருக்காக. அவுககிட்ட நேர்ல சொல்றேன். உங்களை நேர்ல பிடிக்க முடியாது, எண்பதுல பறந்துடுறீங்க. அதனாலதான் இங்க எழுதுறேன்.

சரி, வழியிலயே கல்லு அடிச்சுருச்சு, என்ன செய்யறது? பதறிப் பிரேக் போடாதீங்க. வேகத்தைக் குறைச்சு, இடது ஓரம் தார்ல இருந்து இறக்கி நிறுத்துங்க. பாம்பன் பாலத்து மேலன்னா பாலத்தைத் தாண்டி நிறுத்துங்க, அங்க ஏற்கெனவே வேடிக்கை பார்க்கிற வண்டிக போதும். ஓட்டுறவர் இடத்துல உக்காந்து பாருங்க. விரிசல் உங்க முகத்துக்கு நேரா இருந்தாலோ, வலை மாதிரிப் பரவியிருந்தாலோ அந்த வண்டி அங்கேயே நிக்கட்டும். மெக்கானிக்கையோ இழுவை வண்டியையோ கூப்பிடுங்க. கண்ணாடியைக் குத்தி எடுத்துட்டு ஓட்டலாம்னு நினைக்காதீங்க, காத்தும் மணலும் பூச்சியும் கண்ணுலயே அடிக்கும்.

தெறிப்பு சின்னது, ஓரமா இருக்கு, பார்வையை மறைக்கலைன்னா, அது மேல ஒரு துண்டு நிறமில்லாத டேப் ஒட்டுங்க, அழுக்குப் போகாது. ஏ.சி.யைக் குறைங்க, காத்தைக் கண்ணாடிப் பக்கம் விடாதீங்க. சூடான கண்ணாடியில பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க. கதவை மெதுவாச் சாத்துங்க. வெயில் முகத்துல அடிக்கிற நேரத்துல ஓட்டாதீங்க, ராத்திரியும் மழையும் வேண்டாம். பக்கத்து ஊர்ல இருக்கிற கண்ணாடிக் கடைக்கு மட்டும் போங்க. "மதுரை போய்ப் பார்த்துக்கலாம்"ங்கிறது வேண்டாம். ராமேஸ்வரத்துல இருந்து மதுரை 170 கிலோமீட்டர் கிட்ட வரும். அந்த தூரம் பூரா உச்சிப்புளியும் சத்திரக்குடியும் பார்த்திபனூரும் மானாமதுரையும் திருப்புவனமுமா ஊராத்தான் இருக்கு. மதுரை போய்ச் சேர்ந்தாப் போதும்னு நீங்க நினைக்கிற வழியில குடியிருக்கிறது நாங்க.

புதுக் கண்ணாடி போட்டா பசை காயுறதுக்கு அவுக சொல்ற மணி நேரம் பொறுங்க. அவசரப்பட்டு எடுத்தா அது போட்டும் போடாத மாதிரிதான். கண்ணாடிக்குப் பின்னாடி கேமரா வச்ச புதுக் காருன்னா அதைத் திரும்பச் சரிபார்த்து வாங்குங்க.

2022-ல மட்டும் தமிழ்நாட்டு ரோடுகள்ல 17,884 பேர் செத்துருக்காகன்னு மத்திய அரசோட கணக்கு சொல்லுது. நாடு முழுக்க 1,68,491 பேர். அதுல 32,825 பேர் நடந்து போனவுக. காருக்குள்ள இருந்தவுக இல்ல, பெல்ட் போட மறந்தவுக இல்ல. சும்மா நடந்தவுக. இதுல எத்தனை பேர் ஒரு விரிசலுக்குப் பின்னாடி மறைஞ்சு போனாகன்னு எந்தக் கணக்குலயும் நான் பார்க்கல. எங்க தெரு அக்கா மாதிரி கால் உடைஞ்சு திண்ணையில உக்காந்தவுக இந்த எண்ணுல சேரவே மாட்டாக.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் டயர்ல காத்துப் பார்க்கிறீங்க, டேங்க்ல பெட்ரோல் பார்க்கிறீங்க, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறீங்க. அதோட இன்னும் ரெண்டு நிமிஷம். ஸ்டியரிங்குக்குப் பின்னாடி உக்காந்து, வெயிலுக்கு நேரா வண்டியைத் திருப்பி, கண்ணாடியை மட்டும் பாருங்க. அதுல ஒரு கோடு மின்னுனா அன்னைக்கே கடைக்குப் போங்க. மறுவாரம் வாங்க. மிளகாய்ப் பழம் எடுத்துட்டு ரோட்டு ஓரமா நாங்க வந்துக்கிட்டு இருப்போம். எங்களைப் பார்த்துப் போங்க.